சூடான கடலும் ஆறின கடலும்

மார்ச் 6, வியாழன்

கேக் மாவில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். இத்தனை வருடமாகப் பேக்கரி நடத்துகிறேன், இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. இவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உன் மனசு ஏற்கெனவே கப்பல் ஏறிடுச்சு. உடம்பு மட்டும்தான் இங்க நிக்குது" என்றார்.

உண்மைதான். அடுத்த சனிக்கிழமை கப்பல். ஒரு வாரம் முழுக்கக் கடல். போன ஏப்ரலிலேயே பதிந்து, மாதா மாதம் கட்டி முடித்த டிக்கெட். ஜன்னல் இல்லாத உள் அறைதான் நமக்குக் கட்டுப்படியானது. அதனால் என்ன, அறைக்குள் உட்காரவா போகிறேன்? கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு நானே எனக்குக் கொடுத்துக்கொள்ளும் பரிசு. இவருக்கும் சேர்த்துத்தான், போனால் போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

சிட்டு வந்தாள். இவருடைய தங்கை. கல்யாணமாகிப் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னும் சிட்டு என்றுதான் கூப்பிடுகிறோம். கடைக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டு, "அண்ணி, கண்ணை மூடுங்க!" என்றாள். மூடினேன். திறந்தால் மூக்குக்கு முன்னால் அவள் போன்.

அவளும் வருகிறாள். அவள் வீட்டுக்காரரும். அதே கப்பல், அதே தேதி. கடைசி நேரத் தள்ளுபடியாம், நேற்றுதான் போட்டார்களாம். நாங்கள் கொடுத்ததில் சரியாகப் பாதி.

"பால்கனி வச்ச ரூம் அண்ணி! கதவைத் திறந்தா கடல்!"

கட்டிப்பிடித்தேன். கேக் வெட்டிக் கொடுத்தேன். அவள் போனபிறகு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி தேய்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

இவரிடம் கேட்டே விட்டேன். இது நியாயமா? வருடம் முழுக்கக் கட்டினவளுக்கு இருட்டறை, நேற்று வந்தவளுக்குப் பால்கனியா?

"கப்பல் கிளம்பிட்டா காலி ரூமை வச்சு என்ன பண்ணுவாங்க? கரைச்சுக் குடிக்கவா? கிடைச்சது லாபம்னு குடுக்கறாங்க. நீ மட்டும் என்ன, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பன்னை பாதி விலைக்குத் தள்ளறியே?"

இதைச் சொல்வார் என்று தெரியும். காலையிலிருந்தே பதில் தயாராக வைத்திருந்தேன். நான் வாசலில் போர்டு வைத்திருக்கிறேன். ஏழு மணிக்குப் பாதி விலை என்று ஊருக்கே தெரியும். காலையில் வருகிறவருக்குச் சூடான பன், சாயங்காலம் வருகிறவருக்கு ஆறின பன். அது நியாயம். கப்பல்காரன் என்ன, எனக்குச் சூடான கடலும் அவளுக்கு ஆறின கடலுமா காட்டப் போகிறான்? ஒரே கடல்தானே?

இவர் வாயடைத்துப் போனார். இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 11

இன்று முழுக்க டிக்கெட் விலையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சாதனை.

மார்ச் 15, சனி

கப்பல்!

எவ்வளவு பெரிது! கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கழுத்தே சுளுக்கிக்கொண்டது. உள்ளே லிப்ட், கடைகள், படிக்கட்டுக்குக் கம்பளம். எல்லாம் சேர்ந்து தண்ணீரில் மிதக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. கிளம்பும்போது சங்கு ஊதினார்கள் பாருங்கள் — நான் அழுதுவிட்டேன். இவர் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தார்.

எங்கள் அறை: கதவை மூடினால் பகலா இரவா தெரியாது. சிட்டுவின் அறைக்கும் போய்ப் பார்த்தேன். பால்கனியில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஒழுங்காகத்தான் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு வாரம் முழுக்க ஒரே மேஜை. நாங்கள் நால்வர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, தனியாக வந்திருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர். அவர் உட்கார்ந்ததும் இரண்டு ஐஸ்கிரீம் கேட்டார். எல்லோரும் பார்த்தோம். "தனியா வந்தாலும் ரூமுக்கு ரெண்டு பேர் காசு கட்டணும்னாங்க. கட்டிட்டேன். வராத அந்த ஆளோட பங்கையும் நான்தானே சாப்பிடணும்?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்.

என் கடையில் விலைச்சீட்டு செருகாத தட்டே கிடையாது. பொருள் என்று ஒன்று இருந்தால் பக்கத்தில் விலை இருக்க வேண்டும், எனக்கு அப்படியே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் இன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன்: "ஆமா, நீங்கள்லாம் டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

புதுப் பையன் பாவம், ஒரு தொகையைச் சொன்னான். அவன் மனைவி உடனே திரும்பி, "எங்கிட்ட இதுக்கு மேல சொன்னீங்களே?" என்றாள். அவன் தண்ணீர் குடித்தான். தலைமையாசிரியை தன்னுடையதைச் சொன்னார். எங்கள் எல்லோரையும்விட அதிகம். நான் எங்களுடையதைச் சொன்னேன். அப்புறம் எல்லோரும் சிட்டுவைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் நானே முந்திக்கொண்டு, "இவங்களா? இவங்க ஏழு மணி பன்!" என்றேன். கடையில் மிச்சமானதை ஏழு மணிக்குப் பாதி விலைக்கு விற்பதை மேஜை முழுக்க விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிட்டுவும் சிரித்தாள். பிறகு தலை சுற்றுகிறது என்று எழுந்து போனாள். மாப்பிள்ளையும் — அதாவது அவள் வீட்டுக்காரர் — பின்னாலேயே போனார்.

அறைக்கு வந்ததும் இவர் கேட்டார், "அவ எதுக்கு அப்பல்லாம் ஏழு மணிக்குக் கடைக்கு வந்தான்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மாப்பிள்ளையின் பட்டறை மூடிக் கிடந்த வருடம் அது. சும்மா எடுத்துக்கொண்டு போ என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஏழு மணி ஆகும்வரை எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு, எல்லோரோடும் வரிசையில் வந்து, பாதி விலை கொடுத்துப் பிள்ளைகளுக்கு பன் வாங்கிப் போவாள்.

நான் அதை நினைச்சுச் சொல்லலை. சத்தியமா நினைக்கலை. நினைக்காமல் வந்ததுதான் இன்னும் மோசமோ?

மார்ச் 17, திங்கள்

மதியம் சிட்டு சாப்பிட வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. தலைமையாசிரியை ஒரே ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். அதுவே எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

மேல்தளத்தில் மாப்பிள்ளை தனியாக நின்றிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குத் திட்ட வராது.

"போன வருஷம் நீங்க டிக்கெட் எடுத்த அன்னைக்கே தானும் வரணும்னு இவ சொன்னா, அக்கா. முழு விலை குடுக்க எங்களால முடியாது. அன்னையிலருந்து தினமும் காலையில பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி போனை எடுத்து விலையைப் பார்ப்பா. நடுவுல வேற கப்பல்ல இதைவிட மலிவா வந்துச்சு. நான்கூட எடுத்துடலாம்னேன். அண்ணி போற கப்பல்தான் வேணும்னுட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க கடையை அடகு வச்சாவது எங்களை இழுத்துட்டு வந்துடுவீங்கன்னு பயந்தா."

வந்திருப்பேன். அதுதான் உண்மை.

வருடம் முழுக்கக் காத்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! நான் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பீரோவில் வைத்து வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன், பன் சுடும்போதெல்லாம் மனதுக்குள் கடல். அவள் கையில் ஒன்றும் இல்லாமல், கிடைக்குமா கிடைக்காதா என்றே தெரியாமல், யாரிடமும் மூச்சு விடாமல் காத்திருந்திருக்கிறாள். எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்திருந்தாலும் அந்தக் காத்திருப்பு எனக்கு வராது. பைத்தியம் பிடித்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் போய்க் கதவைத் தட்டினேன். சிட்டு திறந்தாள். அவசரத்தில் மூட்டை கட்டியதில் சீப்பு எடுத்துவர மறந்துவிட்டாளாம், தலை குருவிக்கூடு மாதிரி இருந்தது. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "நான் பேசினது தப்பு சிட்டு. மாப்பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றேன்.

"அவர் வாயில எதுவும் நிக்காதே" என்றாள். விரலாலேயே தலைச்சிக்கை எடுக்கப் பார்த்தாள். பிறகு, "ஏழு மணி பன் வாங்கினதுக்கு எனக்கு வெட்கம் இல்லை அண்ணி. அந்த வருஷம் பிள்ளைங்க பசியில்லாம தூங்கினது அதனாலதான். ஆனா அது நமக்குள்ள இருந்தது. நீங்க அதை எடுத்து ஐஸ்கிரீமுக்கு நடுவுல வச்சுட்டீங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும். மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சரி, போதும், உள்ள வாங்க. முதல்ல சீப்பு குடுங்க" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இப்போது நாங்கள் நால்வரும் சிட்டுவின் பால்கனியில்தான் குடியிருக்கிறோம். இரண்டு நாற்காலியில் பெண்கள், தரையில் ஆண்கள். தலைமையாசிரியையும் வருகிறார், தன் அறை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு. "வராத ஆளோட நாற்காலி" என்கிறார். இன்று தண்ணீரில் மீன் கூட்டம் ஒன்று துள்ளிக்கொண்டே கப்பலோடு வந்தது. சிட்டு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். நானும் கத்தினேன். பக்கத்துப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மேஜையில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். புதுப் பையன் மட்டும், "எங்க வீட்ல இன்னும் பேச்சு வார்த்தை நடக்குது" என்றான். அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள், சிரித்துக்கொண்டே.

ஆனாலும் ஒன்று. கப்பல் அலுவலக மேஜைக்குப் போய், "தள்ளுபடி குடுங்க, வேணாங்கலை. ஆனா கடைசியில விலை இறங்கலாம்னு முதல்லயே எல்லாருக்கும் தெரியற மாதிரி போர்டு வையுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பெண் அழகாகச் சிரித்து எழுதிக்கொண்டாள். அன்பு வேறு, நியாயம் வேறு.

மார்ச் 22

கரை. கால் தரையில் நிற்கவில்லை, இன்னும் ஆடுகிறது. கடைக்கு மாவு சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

கப்பல் கம்பெனியிலிருந்து பதில். என் கருத்து அவர்களுக்கு மிகவும் மதிப்புள்ளதாம். அவ்வளவுதான். மதிப்பு எவ்வளவு என்று போடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நானா இது? டிக்கெட் இல்லை, தேதி இல்லை, பெட்டி மட்டும் கட்டித் தயாராகக் கூடத்தில் நிற்கிறது. ஒரு வாரமாகத் தினமும் காலையில் சிட்டுவிடமிருந்து போன். "இன்னைக்கும் இறங்கலை அண்ணி." "விடு, நாளைக்குப் பார்க்கலாம்." இதுதான் பேச்சு. இதற்கு ஏன் இவ்வளவு சிரிக்கிறோம் என்று இவருக்குப் புரியவில்லை. நால்வருக்கும் இரண்டு அறை, பாதி விலைக்கு வந்தால் போகிறோம், வராவிட்டால் அடுத்த மாதம். கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: 'அடுத்த வாரம் கடை இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்.' வாடிக்கையாளர்கள் படித்துவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.

நவம்பர் 12, புதன்

இறங்கிவிட்டது! பாதிக்கும் கீழே!

ஆனால் ஒரே ஒரு அறை. இரண்டு பேர்.

நால்வரும் கடையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவர் தொண்டையைக் கனைத்து, "நீங்க ரெண்டு பேரும் போனா, மாவு நான் பிசைஞ்சுப்பேன். கேக்குக்குத்தான்..." என்று இழுத்தார். மாப்பிள்ளை, "மெஷினைப் பிரிச்சு மாட்டற கை மச்சான். கேக் என்ன பெரிய வித்தையா?" என்றார்.

என் அடுப்பைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். சிட்டு ஏற்கெனவே பட்டனை அழுத்திவிட்டாள்.

நவம்பர் 15, சனி

கப்பல் நகர்ந்துவிட்டது. இவரும் மாப்பிள்ளையும் கரையில் கையாட்டினார்கள். இரண்டு பேர் சட்டையிலும் மாவு.

உள் அறைதான் கிடைத்தது. விளக்கை அணைத்தால் சிட்டு இருக்கிற இடமே தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் வருகிறது.

மேல்தளத்தில் ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார். பத்து மாதத்துக்கு முன்பே பதிந்துவிட்டாராம். "நீங்க எப்ப பதிஞ்சீங்க?" என்று கேட்டார். சிட்டு என் காலை மிதித்தாள். எனக்குப் பொய் வராது. புதன்கிழமை என்று சொன்னேன், விலையையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மெதுவாக இறங்கியது. அந்த முகம் எனக்குத் தெரியும், எட்டு மாதத்துக்கு முன்னால் என் கழுத்துக்கு மேல் இருந்தது.

"உங்க ரூம்ல பால்கனி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"நியாயப்படி பார்த்தா உங்களுக்கு எங்க மேல கோபம் வரணும். அதை நேர்லயே திட்டித் தீர்த்துக்குங்க. காலையில டீயோட நாங்க வர்றோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறரைக்கு வாங்க. சூரியன் எங்க பக்கம்தான் வருதாம்" என்றார்.