கல், பல், ஹாசினி

ஜூலை 14, திங்கள்

மலைப்பக்கம் சாரல். ராஜபாளையத்தில் வெறும் காற்று, வாய் நிறைய மண். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

யு.கே.ஜி.க்கு இன்று பந்து ஆட்டம். நான் 'கல்' என்று சொல்லிப் பந்தை உருட்டுவேன். பிடிக்கிற பிள்ளை அதே மாதிரி முடிகிற சொல் ஒன்று சொல்ல வேண்டும். பல், நெல், வில், புல். ஒருவன் 'ஜல்' என்றான். அர்த்தம் இல்லாவிட்டாலும் செல்லும், காது பழகினால் போதும். பிறகு போர்டில் 'கல்' எழுதி, 'க'வை அழித்து 'ப' போட்டேன். பாதி வகுப்பு தானாகவே படித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஹாசினி மட்டும் பந்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்துப் பிள்ளை ஏதாவது சொன்னால் அதையே சொல்கிறாள். ஹெச்.எம். மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் எல்.கே.ஜி.க்கு இறக்கிவிடலாம், வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும். மேடம் வீட்டிலும் தெலுங்குதான். அவருக்கு மட்டும் தமிழ் எப்படி வந்ததாம்? கேட்கவில்லை. வேலை வேண்டுமே.

ஜூலை 15, செவ்வாய்

வாங்க வேண்டியது: சார்ட், கலர் சாக்பீஸ், தைலம் (மூக்கு ஒழுகுகிறது).

ஹாசினி அப்பா காலையில் கேட்டில் நின்றார். பேண்டேஜ் துணி ஆலையில் ராத்திரி ஷிப்ட், கண் சிவந்திருந்தது. அவரும் தெலுங்கைத்தான் குற்றம் சொல்கிறார். இனிமேல் வீட்டில் தமிழ் மட்டும்தானாம். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தெலுங்கிலேயே ஒரே மாதிரி முடிகிற சொல் கேட்டு வாங்கினேன். இல்லு, முல்லு, வில்லு. அதாவது வீடு, முள், வில்.

வகுப்பில் அதை வைத்தே ஆடினோம். தெலுங்குப் பிள்ளைகள் குதித்தார்கள். தெலுங்கே தெரியாத ரஹ்மத்தும் 'ஜில்லு' என்றாள். ஹாசினியிடம் அதே சிரிப்பு. ஆக, தெலுங்கு காரணம் இல்லை. பிறகு என்ன? மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஜூலை 16, புதன்

ஒரே தும்மல். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன்.

ஹாசினி பந்தைத் தொடவே இல்லை. என் மாஸ்க்கையே பார்த்தாள். செத்த நேரத்தில் அழுகை. மாஸ்க்கை இறக்கி 'கல்' என்றேன், அவளும் 'கல்' என்றாள். ஏற்றிக்கொண்டு சொன்னால் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு நேரம் அவளுக்குப் பின்னால் நின்று பேர் சொன்னேன். மெதுவாக. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. எதிரே இருந்த ரஹ்மத் நிமிர்ந்தாள், இவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வாயைப் பார்த்துத்தான் பிள்ளை இத்தனை நாள் சமாளித்திருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"எம்பிள்ளைய செவிடுங்கிறீங்களா மிஸ்? அவ அம்மாட்ட நான் என்னன்னு சொல்ல?"

நான் அந்த வார்த்தையே சொல்லவில்லை, டாக்டரிடம் காட்டிப் பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வாராம். இது மேடம் காதுக்கும் போய், பெற்றோரிடம் இப்படியெல்லாம் பேச யார் சொன்னது என்று தனியாக ஒரு பாட்டு.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என் கதி அதோகதி. சரியாக இருந்தால் அதைவிட மோசம். தப்பாகவே இருக்கட்டும் சாமி. வேலை போனால் போகட்டும்.

ஜூலை 19, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர், காது டாக்டர். டோக்கன் வாங்கிக்கொண்டு நெடுநேரம். ஹாசினி அப்பா நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் அழுக்கு கட்டி தட்டி முழுசாக அடைத்திருக்கிறது. வாராவாரம் தலைக்கு ஊற்றும்போது காதில் எண்ணெய் விடுவார்களாம், அப்புறம் பட்ஸ் வைத்துக் குடைவார்களாம். நல்ல டோஸ் விட்டார். வெள்ளி வரைக்கும் சொட்டு மருந்து, பிறகு எடுத்துவிடலாம். உள்ளே எப்படி இருக்கிறது என்பதை எடுத்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

பாதி மூச்சு விட்டேன். மீதி வெள்ளிக்கிழமைக்கு.

ஜூலை 25, வெள்ளி

லீவு போட்டேன். மேடம் காரணம் கேட்டார். வயிற்றுவலி.

எடுத்தாயிற்று. உள்ளே ஒரு பழுதும் இல்லை. கேட்கும் டெஸ்ட்டும் நார்மல். அப்பாடா.

வெளியே வந்ததும் பஸ் ஹாரனுக்கு ஹாசினி காதைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

"எம்புட்டு நாளா இப்படி இருந்திருக்கா மிஸ். நாங்க பேசுற பேச்சாலதான்னு நெனச்சிட்டோமே."

நானும் அழுதேன். பிறகு டீ, வடை. நான் எவ்வளவோ சொல்லியும் காசை அவரே கொடுத்தார்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று ஆடிப்பூரத் தேர், விடுமுறை. கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன்.

எல்.கே.ஜி. பேச்சை மேடம் எடுக்கவில்லை. நானும் கிளறவில்லை.

பந்து ஆட்டம். சார்ட்டால் வாயை மறைத்துக்கொண்டு 'படி' என்று சொல்லி உருட்டினேன். ஹாசினி பிடித்தாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை, உரக்க, 'படி'.

"மொதல்லயே கேட்டுருச்சு மிஸ். எதுக்குக் கத்துறீங்க? யோசிக்கேன்ல."