அப்பாவுக்குக் கசக்காத மருந்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் நாக்கு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, உன் தம்பி பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்துகிறான், அவனிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான்.

அப்பாவுக்குப் போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது இனிப்பையும் கசப்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனிதர் மூச்சு விடவில்லை. சர்க்கரை போட மறந்த காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது, காப்பியில் குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லையே. உப்பும் புளிப்பும் மட்டும் எப்படித் தெரிகிறது என்று போனில் உன்னைக் கேட்டேன். அவை இரண்டும் நாக்கின் செல்லில் உள்ள புரதக் கதவு வழியாக நேரே உள்ளே நுழைந்துவிடும், இனிப்பும் கசப்பும் வாசலில் நின்று மணி அடிக்க, உள்ளே சேர்த்து வைத்த கால்சியம் வெளிப்பட்டு அது வேறொரு கதவைத் திறந்தால்தான் சேதி மூளைக்குப் போகும், அந்த வழி கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகலாம் என்றாய். அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் பழுதானதைக் கேட்பது போலத் தலையாட்டினார்.

வீட்டோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். மருந்துக் கம்பெனியில், குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில் கசப்பு மறைந்திருக்கிறதா என்று ருசி பார்த்துச் சொல்வதுதானே அவர் வேலை. இத்தனை நாளும் கூட ருசி பார்ப்பவன், அதுதான் அப்பா சுளிப்பன் என்று கூப்பிடுவாரே, அவன் முகத்தைப் பார்த்தே சமாளித்திருக்கிறார், அவன் சுளித்தால் கசப்பு, இல்லாவிட்டால் சரி. போன வாரம் சுளிப்பன் மைத்துனன் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டான். அப்பா தனியாகவே ஒரு தொட்டி சிரப்புக்குச் சரி சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் கொஞ்சம் குப்பியில் கொண்டுவந்து என்னை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படியொரு கசப்பு. எந்தக் குழந்தையும் துப்பிவிடும், பிறகு காய்ச்சல் எப்படி இறங்கும்? போய்ச் சொல்லுங்கள் என்றேன். ருசி தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று தலை குனிந்துகொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ருசி திரும்பி வந்துடும்னு உங்க பொண்ணே சொல்லிட்டா. தைரியமா போய்ச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் நேராக மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்தத் தொட்டி சிரப்பை வெளியே அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். அவரைக் குப்பிகளுக்கு மூடி திருகும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள், நாக்கு சரியானால் பழைய இடத்துக்கு வரலாமாம்.

ஆய்வகமே கதி என்று கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நீ என்னிடம் சொன்னது, "சிலருக்கு வரும், சிலருக்கு வராதும்மா" என்பதுதான். ருசி திரும்பி வருமா என்று ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடமே கேட்கப் போகிறார். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்.

அன்புடன்,
அம்மா