சித்திக்கும் உண்டா?

என் செல்லத் தங்கச்சிக்கு,

இன்று சாலை பஜார்க் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு மகளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தாடையில் முடி வளருகிறதென்று பத்து நாளாகக் காலேஜுக்கே போகவில்லை. என் முன்னால்கூட துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "பேடிக்கண்டா மோளே, பயப்படாதே. ஹார்மோன் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மருந்து உண்டு. பலன் தெரிய ஆறு மாசமாகும். அதுவரை ஷேவ் பண்ணிக்கோ, ஷேவ் பண்ணினா அடர்த்தியா வளரும்னு சொல்றது பொய்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்.

எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. என் கல்யாணத்தன்று, உன் தாடை முடி தெரியுமே என்று, ஃபோட்டோவுக்கு நீ நிற்க வேண்டாமென்று சொன்னவள் நான்தானே. நீ அறைக்குள் போனதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"என் தங்கச்சிக்கு உண்டு" என்றேன்.

ஆட்டோவில் வரும்போது மகள், "சித்திக்குமா? சித்தி எப்படிம்மா சமாளிச்சாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் உன்னைக் கேட்டதே இல்லையே.

ஞாயிறு காலை பொன்முடி பஸ்ஸில் இருவரும் உன்னைப் பார்க்க வருகிறோம். நீ அவளிடம் சொல்லு. நானும் கேட்கிறேன்.

உன் அக்கா