தொட்டியின் பழைய தண்ணீர்

அரியாலை, யாழ்ப்பாணம்,
புதன்கிழமை.

அன்புள்ள அஸீலா,

உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். புத்தளத்தில் நீயும் நம் மகள் அஸ்னாவும் சுகமா? உம்மாவின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவுகிற நம் பழக்கத்தில், இந்த அலங்கார மீன் பண்ணையின் டிஸ்கஸ் மீன் தொட்டியையும் தேய்த்துக் கழுவி, முழுக்கப் புதிதாகக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிவிட்டேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பார்த்தால், மீன்கள் கறுத்து ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. இரண்டு நாளில் ஒன்பது செத்தன. எடுத்துப் புதைத்தேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

முதலாளி யாகோப்பு அண்ணை ஏசவில்லை. "நல்ல தண்ணியெண்டாலும் ஒரேயடியா மாத்தினா உதுகள் தாங்காது தம்பி. பழைய தண்ணியிலை முக்கால்வாசியை அப்பிடியே விட்டிட்டு, கொஞ்சங் கொஞ்சமா மாத்தோணும்" என்றார்.

தை மாதமே எல்லோரும் யாழ்ப்பாணத்துக்குக் குடிவர வேண்டும் என்று போனில் உன்னோடு சண்டை பிடித்தேனே, அதை விடு. அஸ்னாவின் விடுகைப் பத்திரத்தை இப்போது பள்ளிக்கூடத்தில் எடுக்க வேண்டாம். இந்த லீவுக்கு ஒரு கிழமை மட்டும் வந்து போங்கள்.

வரும்போது என்னுடைய பழைய தலையணையைக் கொண்டு வா. இங்கே புதிதாக வாங்கியதில் நித்திரை வருவதில்லை.

கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் நின்றால் தொட்டித் தண்ணீர் குளிர்ந்துவிடும், போய்ப் பார்க்கிறேன்.

சுஹைர்