முப்பதாயிரம் வரிகளுக்கு நடுவே

ஜூன் 2

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், ஆனாலும் கேட்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, அதனால் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள், பழைய சண்டையை மட்டும் அதில் கிளறக் கூடாது என்று உன் அக்கா நம் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் வாக்குத் தவற மாட்டேன்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு அந்தக் கிளைக்குப் போன பிறகு பில்ட் மெஷின் என் தலையில் விழுந்துவிட்டது. இரண்டு கிளைக்காரர்களும் எழுதும் நிரலை ஒன்றாக்கித் தருவதற்குள் அது இரண்டு பக்கத் திரைகளிலும் முப்பதாயிரம் வரி புலம்புகிறது. "இதையெல்லாம் யாரு அக்கா படிக்கிறாங்க?" என்று டெஸ்டிங் பெண் கேட்டாள். ஒரே ஒருவன் படிப்பான் என்றேன். நம் கல்யாணத்துக்கு முன்னால் அந்த வரிகளுக்கு நடுவே எனக்காக ஒரு வரி செருகி வைப்பாயே, நினைவிருக்கிறதா? எல்லோர் திரையிலும் ஓடும், என் கண்ணில் மட்டும் படும்.

மேனேஜர் என்னை வெளிநாட்டுக் கிளைக்கு மூன்று வருஷம் போகச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. மற்றதை நீ வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் பார்த்துக்கொள்.

உன்,
வாயாடி

ஜூன் 11

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், அவ்வளவுதான்.

ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். இங்கே வந்தபோது பில்ட் கக்கும் எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கண் மரத்துப் போயிருந்தது. நிஜமான பிழை வந்தபோது ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை, ஒரு நாள் வேலை பாழ். நான் உட்கார்ந்து அதன் வாயை அடைத்தேன். இப்போது எங்கள் திரையில் ஒரே வரிதான்: முடிந்தது. மற்றதெல்லாம் ஓசைப்படாமல் ஒரு ஃபைலில் போய் விழும். பில்ட் உடைந்தால் முழுவதையும் காட்டும். நல்லபடி முடிந்தால் அந்த ஃபைலும் அழிந்துவிடும். "தலைவலியே போச்சுப்பா" என்று இங்குள்ள மேனேஜர் தோளில் தட்டினார்.

இப்படி ஒன்று வீட்டிலும் இருந்திருந்தால் மாற்றலே கேட்டிருக்க மாட்டேன் என்று டீ குடிக்கும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டுக்குத்தான்.

வரி செருகியதையெல்லாமா இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாய்? அது கிறுக்குப் பிடித்த வயசு.

வெளிநாடு உன் விருப்பம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

தூ.மூ.

ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

மேனேஜர் தட்டிக்கொடுத்தது சந்தோஷம். விளையாட்டு புரிந்தது, சிரிப்புத்தான் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் திரையில் அந்த ஒற்றை வரி எப்போதிலிருந்து வருகிறது? தேதியை மட்டும் எழுது. உடனே எழுது.

வேறு விசேஷமில்லை.

ஜூன் 25

என் அன்பு வாயாடிக்கு,

போனை எடு. நேற்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ எதற்குத் தேதி கேட்டாய் என்று அப்போது புரியவில்லை. குத்திக் காட்டத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, வீம்புக்குப் பதில் போடாமல் இருந்தேன். நேற்று பில்ட் உடைந்தது. எங்கே உடைந்தது என்று முழுவதையும் திறந்து படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி: "மாடிப்படி விளக்கை மாத்திட்டேன். நீ வரும்போது தடுக்கி விழ மாட்ட."

உடனே பழைய ஃபைல்களைத் தேடினேன். ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்த பில்டுகள். நான்தான் அழிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வந்த முதல் வாரமே எழுதிவிட்டேன். நீ கேட்ட தேதி அதுதான்.

தினமும் எழுதினாயா? என்ன எழுதினாய்? அடைப்பை எடுத்துவிட்டேன். மேனேஜர் காச்சு மூச்சென்று கத்துகிறார், கத்தட்டும். முப்பதாயிரம் வரியும் ஓடுகிறது. காலையிலிருந்து ஒன்று விடாமல் படிக்கிறேன். உன் வரி ஒன்றுகூட வரவில்லை.

போகாதே. குறுக்கே நிற்க மாட்டேன் என்று எழுதியது வாய்க்கொழுப்பு.

உன்னுடைய,
தூங்குமூஞ்சி

ஜூலை 1

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நீ கேட்டதால் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. மெத்தையை வெயிலில் போட்டது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, இந்த மாதிரிதான். கடிதத்தில் பழசைப் பேசக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன் இல்லையா, அதனால் ஒரு நாள் மட்டும் அங்கே எழுதினேன்: "'போனா போ'ன்னு நான் சொன்னது தப்பு. வீட்டுக்கு வா." என் வரியால் பில்ட் உடைந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செருகினேன். அன்று அது நல்லபடி முடிந்தது.

நீ படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாயா, படிக்கவே இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் தேதி கேட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் பதில் இல்லை. படித்திருக்கிறான், மனசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். கடைசியாக அந்த மாடிப்படி விளக்கு வரியைச் செருகிவிட்டு, மேனேஜரிடம் சரி என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. எடுக்கத் தெம்பு இல்லை.

உன் மேல் கோபமில்லை. நீ செய்தது நல்ல வேலைதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அத்தனை வரியும் அழிந்துபோனதுதான் ஆறவில்லை.

இப்போதும் வேண்டாமென்றால் மேனேஜர் விட்டுவிடுவார், நல்ல மனுஷன். அதனால் இந்தக் கடிதத்தின் முடிவில் 'வீட்டுக்கு வா' என்ற அந்த வரியை உனக்காக மறுபடி ஒரு தரம் மனதார எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வரி மட்டும் மனசிலிருந்து வரவில்லை.