டென்ஷன் வகுப்புக்கு ஸ்குரூ டிரைவரோடு போனவன் எழுதுவது

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம்தானே என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், நீ சுகமில்லை என்று தெரிந்த பிறகும் அப்படிக் கேட்டால் அது நடிப்பு, அதனால் விட்டுவிடுகிறேன். உன்னோடு அறையில் இருக்கும் பெண் வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். ஆபீஸ் லிப்டுக்குள் மயங்கி விழுந்தாயாம், யாரோ தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்களாம், கால் மணி நேரத்தில் எழுந்து போய் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தாயாம். எங்களிடம் சளி என்றாய். ஆளை லிப்டுக்குள் சாய்க்கிற சளியை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போகாதே. போனில் கேட்டால் "மீட்டிங்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனி இதற்கெல்லாம் வைத்தியம் செய்கிறதாமே. கையில் கட்ட ஒரு கடிகாரம், படபடப்பு ஏறினால் மணிக்கட்டில் அதிர்ந்து மூச்சை இழுத்து விடச் சொல்லுமாம். சனிக்கிழமைதோறும் மன அமைதி வகுப்பாம், வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்களாம். நல்ல அமைதி. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் போடாமல் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு, உனக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக் கூரை அதிர மூச்சுவிட்டவள் நீ, வெளியே நின்று நானே கேட்டேன், யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

ரொம்பவும் கேலி பேசுகிறேன் என்று நினைக்காதே, கேலிக்கூத்தாவதில் உன் அப்பன் உன் கம்பெனியையே தோற்கடித்தவன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் பாக்டரி நோட்டீஸ் போர்டில் 'டென்ஷன் குறைக்கும் வகுப்பு, மூன்று மணி, சாப்பாட்டுக்கூடம்' என்று ஒட்டியிருந்தார்கள். முப்பத்தோரு வருஷமாகத் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவனுக்கு டென்ஷன் என்றால் ஒன்றுதான், மிஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கிற திருகு. புது மாடல் வந்திருக்கிறது, பாடம் நடத்தப் போகிறார்கள் என்று நினைத்து ஸ்குரூ டிரைவர், நாலு ஸ்பிரிங், எண்ணெய்க் குப்பி சகிதம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். தரையெல்லாம் பாய் விரித்திருந்தது, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா, மிஷினைக் கழற்றிப் பரப்பிக் காட்டுவார்கள் போல என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பளபளவென்று ஒருவர் வந்தார், பிறகு நாங்கள் மூச்சு மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். கண்ணை மூடுங்கள், உங்கள் டென்ஷன் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். நான் கையைத் தூக்கி, ஊசிக்கு மேலே, முன்பக்கம் சார் என்றேன். தைக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாருக்காவது டென்ஷன் குறைந்தது என்றால் அதனால்தான். அப்புறம் கடலை நினைக்கச் சொன்னார், நினைத்தோம். நடுவில் அவர் போன் அடித்தது, "இன்னும் ரெண்டு எடம் போகணும், ஏன்யா உயிர வாங்கற" என்று யாரிடமோ கத்திவிட்டு வந்து, விட்ட அலையிலிருந்து தொடர்ந்தார். முடிந்ததும் மேனேஜர் வாசலில் நின்று, வகுப்பில் போன முக்கால் மணி நேரத்தை எல்லோரும் சாயங்காலம் கூடுதலாக இருந்து தைத்து ஈடுகட்ட வேண்டும் என்றார். அம்மாவிடம் சொன்னால், "நீங்க கொண்டுபோன ஸ்குரூ டிரைவருக்கு அங்கயே வேலை இருந்திருக்கே" என்கிறாள்.

மறுநாள் மூன்றாவது வரிசையில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். நூல் அறுந்தால் எல்லோரும் செய்கிற முதல் முட்டாள்தனம் அந்தத் திருகைத் தளர்த்துவது. அறுவது கொஞ்சம் குறையும், ஆனால் தையல் தொளதொளவென்று விழும், ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வரும். நான் கீழே குனிந்து மோட்டாரைப் பார்த்தேன். வேகத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஊசி கொதிக்கிறது, நூல் பொசுங்கி அறுகிறது. நூல் பாவம் என்ன செய்யும், மூச்சா விடும். வேகத்தை ஏற்றிய மகாபுத்திசாலி யார் என்கிறாய், நான்தான், போன மாதம், மேனேஜர் சொன்னார் என்று ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல். உன் வயசுப் பெண் ஒருத்தி, விரலில் ஊசி ஏறிக் கட்டோடு தைத்துக்கொண்டிருந்தாள், "அண்ணே, நான்தான் மந்தமா" என்று கேட்டாள். இல்லம்மா, என் மேல்தான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். "பாத்துக்கலாம்மா" என்று திருகைத் தளர்த்திவிட்டு நழுவி வந்தேன். வீரன்.

அடுத்த நாள்தான் உன் அறைப்பெண்ணின் போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அந்த வரிசையில் பன்னிரண்டு மிஷினுக்கும் வேகத்தை இறக்கினேன். மேனேஜர் அறைக்குப் போகுமுன் இரண்டு தடவை கழிவறைக்குப் போனேன். வேகத்தை இறக்கிவிட்டேன் சார், இனி ஏற்ற மாட்டேன் என்று சொல்லப் போனவன், 'இறக்கிட்டேன் சார்' வரைதான் சொன்னேன். "யாரைக் கேட்டு எறக்கினீங்க" என்றார். நூலைக் கேட்டு என்கிற பதில் சைக்கிளை எடுக்கும்போதுதான் வந்தது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். என்ன செய்வார்கள் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

பால்காரரிலிருந்து பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வரை ஒருத்தரையும் விடாமல் வாயடித்தவள் நீ. உன் மேலதிகாரியிடம் முடியாது என்று நாலு எழுத்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, சமாளிக்கிறேன் சமாளிக்கிறேன் என்கிறாய், அது நான் திருகைத் தளர்த்துகிற அதே லட்சணம்தான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதிக் கொடு. என் விளக்கம் தயார், வேண்டுமானால் பார்த்து எழுதிக்கொள்: 'வேகம் அதிகம். கோளாறு தைப்பவர்மேல் இல்லை. மறுபடி ஏற்ற மாட்டேன்.' வேகம் என்கிற இடத்தில் வேலை என்று போட்டுக்கொள். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். உன் அறையில் நான் அடுக்கியிருந்த பழைய மிஷின்களை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டேன், கட்டில் காலி.

உடம்பு தேறி, நன்றாகத் தூங்கி எழுந்து, நூறு வருஷம் இரு, என் ஆசி அவ்வளவுக்குத்தான். பதவி உயர்வுக்கு ஆசி வேண்டுமானால் அம்மாவிடம் தனியாகக் கேள். டாக்டரிடம் போகாமல் இருக்காதே, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே.

இப்படிக்கு,
பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்ட உன் அப்பா

பி.கு.: என் விளக்கத்தை அம்மா வாங்கிப் படித்தாள். 'மாட்டேன்' என்பதில் 'ட்' விட்டுப்போயிருந்தது, திருத்திக் கொடுத்தாள். இந்த வீட்டில் யாரும் எழுதிப் பழகாத சொல். நீ பிழையில்லாமல் எழுது.