மாம்பூவுக்கு மன்னிப்பு

முதலமடை
12 டிசம்பர் 2023

கண்ணு ரமேஷுக்கு,

அக்கா செல்வலட்சுமி ஆசியோடு எழுதுவது. எப்போதாவது வரும் போனிலும் நீ கர்னலாகவே பேசுகிறாய், கடிதத்தில்தான் தம்பியாகிறாய்.

நேற்று ஹெலிகாப்டரில் போனது நீதானே? தோப்புக்கு மேல் அவ்வளவு தாழ்வாகவா வருவது? மாம்பூ பாதி உதிர்ந்துவிட்டது. பச்சைத் துண்டை ஆட்டினேனே, பார்த்தாயா? தோப்பு வேலைக்கு வரும் செங்கோட்டையன், “ஏனுங்கம்மா, தம்பியைக் கொஞ்சம் மேலால போகச் சொல்லுங்க” என்கிறான். இருபத்தைந்து வருசமாக உதிர்க்கிறாய். ஒரு தடவை இறங்கி ஒரு வாய் சோறு தின்றால் என்னவாம்?

அக்கா

நாசிக்
20 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன் அக்கா. துண்டு நன்றாகத் தெரிந்தது. பூவுக்கு மன்னிச்சுக்குங்க.

ரமேஷ்குமார்

நாசிக்
4 ஜனவரி 2024

அக்கா,

போன கடிதம் பொய். எழுதியதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நம் தோப்புக்கு மேல் நான் ஒரு நாளும் பறந்ததில்லை. கேப்டனாகப் பனிமலையில் மண்ணெண்ணெய் டின் இறக்கினேன். மேஜராகக் கால்விரல் கறுத்துப்போன சிப்பாய்களை ஏற்றி வந்தேன். முதல் தடவை நீங்கள் பூ உதிர்ந்தது என்று எழுதியபோது, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உங்கள் கல்யாணத்தைத் தள்ளிவைத்து என்னைப் படிக்கவைத்தவர் நீங்கள். அதனால் யார் யாரோ உதிர்த்த பூவுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவந்தேன்.

இன்னொன்று. நெஞ்சுத் துடிப்பு சரியில்லை என்று அக்டோபரிலேயே மெடிக்கல் போர்டு பறக்கத் தடை போட்டுவிட்டது. பிப்ரவரி கடைசியில் ஓய்வு. பறக்காத தம்பி ஊருக்கு வரலாமா அக்கா?

ரமேஷ்

முதலமடை
15 ஜனவரி 2024

கண்ணு,

கிறுக்குப் பயலே, எனக்குத் தெரியாதா? வெள்ளம் வந்த வருசம் தலைக்கு மேல் ஒன்று போனது. துண்டை ஆட்டினேன். அதே தேதி போட்டு லடாக்கிலிருந்து உன் கடிதம் வந்தது.

பிறகும் ஏன் ஆட்டினேன் என்கிறாயா? மேலே போகிறவனுக்கும் எங்கோ ஓர் அக்கா இருப்பாள். ஏன் திட்டினேன் என்கிறாயா? சுகமா என்று கேட்டால் நீ மாசக்கணக்கில் பதில் போடமாட்டாய். பூ உதிர்ந்தது என்றால் பதினைந்தே நாளில் மன்னிப்பு வந்துவிடும். அந்தக் கடிதம் கைக்கு வந்தால், என் தம்பி உயிரோடு இருக்கிறான். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லையே, அதற்குத்தான் கோபம்.

பிப்ரவரிக் கடைசி என்றால் பஸ் நிறுத்தத்தில் பச்சைத் துண்டோடு நிற்பேன். அதற்குள் காய் பிடித்துவிடும். எவ்வளவு தாழ்வாக வேண்டுமானாலும் வா.

அக்கா